நாலாவது கால்

நான் ஆறாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு தீயணைப்பு வண்டி உருவானது. செய்தவர் என் தாய்மாமா. சென்னையைத் தாண்டி ஒரு பெரிய தொழிற்சாலை. அதற்கென்று சொந்தமாக ஒரு தீயணைப்பு நிலையம். அங்கே ஏணி வண்டியை ஓட்டுவதும் இயக்குவதும் மாமாவின் வேலை. தண்ணீர் பீய்ச்சுகிற சாதாரண வண்டி இல்லை. முதுகில் மடங்கிக் கிடக்கும் இரும்பு ஏணியை எழுப்பி, நீட்டி, மாடி உயரத்துக்கு ஆளை அனுப்புகிற வண்டி.

வருஷத்துக்கு இரண்டு முறை எங்கள் ஊர் செலியமேட்டுக்கு வருவார். வந்தால் இரண்டு நாளுக்கு மேல் தங்கமாட்டார். அந்த ஏப்ரலில் ஒரு தோள்பையோடு வந்தவர் திரும்பிப் போகவில்லை. லீவு என்றார். எனக்கும் லீவு. பெரியவர்களுக்கு முழுப் பரீட்சை லீவு கிடையாது என்று தெரிகிற வயதுதான் எனக்கு. ஆனால் நமக்குச் சாதகமான விஷயத்தை யார் துருவிக் கேட்பார்கள்?

முதல் பத்து நாள் அவர் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார். அம்மா தட்டை முன்னால் வைத்தால் பாதியில் எழுந்துவிடுவார். கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போகும்போது அப்பா கூப்பிட்டால் கூடப் போவார்; போய் வரப்பில் உட்கார்ந்துவிட்டு, காலில் சேறு படாமல் திரும்பி வருவார். பிறகு ஒரு நாள் காலையில் பாகூருக்குப் போய், ஒரு சாக்கு நிறையச் சாமானோடு வந்து இறங்கினார். பிவிசி கதவு செய்கிற கடையில் வெட்டி மிச்சமான துண்டுகள், உடைந்த குடைகள், சைக்கிள் போக்ஸ் கம்பி, ஒரு பழைய மோட்டாரின் பேரிங், தூண்டில் நரம்பு ஒரு சுருள், மருந்துக் கடையில் வாங்கிய சிரிஞ்சுகள். ஊசி போடப் போகிறாரோ என்று நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

"பாப்பா, இங்க வா. வண்டி செய்யலாம்" என்றார். அவர் வாயிலிருந்து பத்து நாளில் வந்த முதல் முழு வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அதன்பிறகு கூடம் எங்கள் இருவருடைய பட்டறை ஆயிற்று. குடைக்கம்பிகளைப் பக்கச்சட்டமாக வைத்து, போக்ஸ் கம்பியைத் துண்டு துண்டாக வெட்டிக் குறுக்கே பற்றவைத்து, ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிப் போகிற நாலு ஏணிகள் செய்தார். தூண்டில் நரம்பை இழுத்தால் நாலும் ஒன்றன்பின் ஒன்றாக மேலே போகும். முழுசாக நீட்டினால் என் தோள் உயரம் வந்தது. பேரிங்கின் மேல் ஏணியை உட்கார வைத்ததால் அது எந்தப் பக்கமும் திரும்பியது. வண்டி சாயாமல் இருக்க நிஜ வண்டியில் நாலு பக்கமும் இரும்புக் கால்கள் வெளியே நீண்டு தரையில் ஊன்றும். அதை ஜாக்கி என்றார். அதற்குத்தான் சிரிஞ்சு. குழாய் வண்டியோடு ஒட்டியிருக்கும், உள்தண்டு இறங்கித் தரையைத் தொடும்.

என் வேலை உப்புத்தாள் தேய்ப்பது. பிவிசி துண்டுகளின் ஓரத்தைக் கன்னம் மாதிரி ஆகும்வரை தேய்க்கச் சொல்வார். பொம்மைக்கு இவ்வளவா என்று எனக்குக் கை வலிக்கும். மாமாவோ போனில் இருந்த நிஜ வண்டியின் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பார். நிஜத்தில் ஓர் அடி என்றால் இங்கே அரை இஞ்சு. டிரைவர் பக்கக் கதவில் ஒரு நசுங்கல் இருந்தது. அந்த நசுங்கலைக்கூடச் செய்தார். அதைவிட வேடிக்கை, ஒவ்வொரு பாகத்தையும் தெருமுனை மளிகைக் கடைக்கு எடுத்துப் போய் எலக்ட்ரானிக் தராசில் நிறுத்து நோட்டில் எழுதிக்கொண்டது. கடைக்காரர், "இன்னாபா, பொம்மைய கிலோ கணக்குல விக்கப் போறியா?" என்று கேட்டார். மாமா சிரிக்கவில்லை. எடை குறைந்த இடத்தில் இரும்பு நட்டுகளை உள்ளே வைத்து அடைத்தார்.

மே மாதம் பாதியில் சிவப்புப் பெயிண்டும் அடித்தாயிற்று. ஏணி உச்சியில் ஓர் ஆள் வேண்டும் என்றேன். ஒரு போல்ட்டைத் தராசில் நிறுத்துப் பார்த்து என் கையில் கொடுத்தார். போல்ட்டின் தலைதான் ஆளின் தலை. நான் அம்மாவின் கண்மையால் கண்ணும் வாயும் வைத்து, பெரிதாக ஒரு மீசையும் வரைந்து, "இது மீச மாமா" என்றேன்.

மீசை மாமா, மாமாவோடு வேலை பார்த்தவர். கரையாம்புத்தூர்க்காரர். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அந்தப் பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, என்னைத் தோளில் தூக்கி உத்தரத்தைத் தொடவைத்தார். அவர் மேலே ஏறுகிறவர், நம் மாமா கீழே நின்று ஏணியை இயக்குகிறவர் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மாமா அந்தப் போல்ட்டை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கிணற்றடியில் முகம் கழுவிவிட்டு வந்தார். மீசையை அழிக்கச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. அவரே அதை ஏணி உச்சியில் கட்டினார்.

வண்டி முடிந்ததும் வேறொரு வேலை ஆரம்பித்தது. டிவி அட்டைப்பெட்டியைச் சுவராக நிற்க வைத்து, வண்டியைப் பக்கத்தில் நிறுத்தி, ஏணியை எழுப்பி, இடது பக்கமாகத் திருப்பி நீட்டுவார். அப்போது பின்பக்கம் இடது கால், நாலாவது ஜாக்கி, அரை இஞ்சு உள்ளே போய்விடும். வண்டி ஒருபக்கமாகச் சாயும். ஏணியின் உச்சி விசிறி மாதிரி வீசிப் போய் அட்டைச் சுவரில் மோதும். டப்பென்று சத்தம். போல்ட்டு மீசை மாமா சுவரில் முகத்தை இடித்துக்கொள்வார். நான் கைதட்டிச் சிரிப்பேன். மாமா ஸ்கேல் வைத்து எதையோ அளந்து நோட்டில் எழுதுவார். மறுபடி நிமிர்த்தி வைப்பார். மறுபடி டப். ஒரே நாளில் இருபது முறைகூட நடந்தது. இருபது முறையும் நான் சிரித்தேன். இதை எழுதும்போது என் கை கூசுகிறது.

இரண்டு நாளில் எனக்குச் சிரிப்பு அலுத்துப் பரிதாபம் வந்துவிட்டது. இத்தனை நேர்த்தியாகச் செய்தவருக்கு ஒரு காலைச் சரியாக வைக்கத் தெரியவில்லையே! மற்ற மூன்று சிரிஞ்சுகளும் அசையாமல் நின்றன. இது மட்டும் லூசு.

அம்மாவுக்கும் அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. ஒவ்வொரு டப்புக்கும் அடுக்களையில் பாத்திரம் ஒன்று வேகமாக வைக்கப்படும். ஒரு சனிக்கிழமை மாமா முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தபோது என்னைக் கூப்பிட்டாள்.

"அது ஏன்டி சும்மா சும்மா சாயுது?"

"ஒரு காலு லூசும்மா."

"நீ ஒட்டிடேன். நீதான் எல்லாம் ஒட்டுவியே."

டிவிக்குப் பின்னாலிருந்து ஃபெவிகுவிக் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள். புதிது, இன்னும் முனை வெட்டாதது. "மாமாகிட்ட சொல்லாத. அப்பறமா பாத்துக்கட்டும்" என்றாள். நான் கூடத்தில் எதையாவது ஒட்டினால் தரை பாழாகிறது என்று கத்துகிற அம்மா, பக்கத்தில் உட்கார்ந்து வண்டியைப் பிடித்துக்கொண்டாள். நான் சிரிஞ்சின் உள்ளே நாலு சொட்டு விட்டேன். தண்டு இறுகிவிட்டது. மாமா செய்ய முடியாததை நான் செய்துவிட்டேன் என்ற பெருமையில் அன்றைக்கு எனக்குச் சோறே இறங்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. மதியம் மூன்று மணி இருக்கும். மாமா அப்பாவையும் அம்மாவையும் கூடத்துக்குக் கூப்பிட்டார். முகம் மழித்து, முடி வெட்டி, வேறு ஆள் மாதிரி இருந்தார். "நாளைக்கு எடுத்துக்னு போறேன். ஒருவாட்டி பாத்துடுங்க" என்றார். எங்கே எடுத்துப் போகிறார் என்று எனக்குத் தெரியாது. பரிசு கொடுக்கிற இடமாக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அட்டைச் சுவரை நிறுத்தினார். நாலு காலையும் இறக்கினார். நரம்பை இழுக்க ஏணி ஏறியது. இடது பக்கம் திருப்பினார். கடைசித் துண்டும் வெளியே வந்தது. மீசை மாமா உச்சியில் நின்றார்.

வண்டி அசையவில்லை.

மாமா காத்திருந்தார். விரலால் ஏணியை லேசாகத் தட்டினார். அசையவில்லை. என்னால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "இனிமே வுழாது மாமா! நான்தான் ஒட்டினேன்!" என்று குதித்தேன்.

அவர் தரையில் முழங்காலிட்டு நாலாவது காலைத் தொட்டுப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். நிமிர்ந்தபோது அந்த முகத்தைப் பார்த்து என் குதிப்பு நின்றுவிட்டது. கோபம் என்றால் எனக்குப் புரிந்திருக்கும். கோபம் இல்லை. கூட்டத்தில் கைவிட்டுப் போன குழந்தை பார்க்குமே, அப்படி என்னைப் பார்த்தார்.

"கொழந்த நல்லதுதான் பண்ணியிருக்கா" என்றாள் அம்மா. "இப்டியே எடுத்துக்னு போ. இல்ல, எதையும் எடுத்துக்னு போவாத. கேட்டா தெரியாதுன்னு சொல்லு."

"தெரியும்க்கா."

"இன்னா தெரியும் உனக்கு? அவங்களே பெல்ட்டு போடாமதான் செத்தான்னு எழுதிட்டாங்க. உன்ன ஒரு வார்த்த சொல்லல. நீயா போயி ஏன்டா தலைய குடுக்கற?"

"அவன் பெல்ட்டு போட்டு ஏணியில மாட்டியிருந்தான்க்கா. மோதனப்பறம் கீழ எறக்கறதுக்கு நான்தான் அத அறுத்தேன். அங்க நாங்க ரெண்டு பேருதான் இருந்தோம், வண்டி சாஞ்சதயும் அறுத்த பெல்ட்டயும் யாரும் பாக்கல. பெல்ட்டு இல்லாம கெடந்தான்னுதான் எல்லாரும் பாத்தாங்க."

"சரி, போட்டிருந்தான். அத சொல்லிட்டு வந்துடு. வண்டி சாஞ்சத ஏன் சொல்ற?"

"சாயாம எப்படிக்கா செத்தான்? பெல்ட்டு போட்டவன் எப்படி செத்தான்னு கேப்பாங்க இல்ல?" மாமாவின் குரல் உடைந்தது. "காலு ஊன்றதுக்கு முன்னாடி தரைய பாக்கவேண்டியது என் வேல. கால்வா மேல போட்ட பலகக்கல்லு மேல வச்சிட்டேன், பாரம் ஏறனதும் அது உள்ள எறங்கிடுச்சி. மேல மண்ணு மூடியிருந்துச்சி. ஒரு தட்டு தட்டிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். தட்டல. ஒத்திகைதானேன்னு தட்டல."

எனக்கு முதலில் காதில் விழுந்தது 'செத்தான்' மட்டும்தான். யார் என்று கேட்க வாய் திறந்தேன். அதற்குள் கண் தானாக ஏணி உச்சிக்குப் போய்விட்டது. கண்மை மீசையோடு அவர் அங்கே சிரித்துக்கொண்டு நின்றார்.  என்னைத் தோளில் தூக்கியவர் இறந்துபோய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. நெருப்பே இல்லாத இடத்தில், ஒத்திகை பார்க்கும்போது. அவர் சாவைத்தான் நான் கூடத்தில் உட்கார்ந்து நாளெல்லாம் கைதட்டிப் பார்த்திருந்தேன்.

அம்மா அழ ஆரம்பித்தாள். "கேஸு போடுவாங்கடா. வேல போயிடும். உனக்கு யாருடா பொண்ணு குடுப்பாங்க?" மாமா கட்டிங் பிளேயரை எடுத்து, நான் ஒட்டிய சிரிஞ்சைப் பிடித்து ஒரு திருகு திருகினார். பிளாஸ்டிக் முறிகிற சத்தம் கேட்டது. நான் வீறிட்டேன். நான் சரிசெய்ததை ஒருவர் கண்ணெதிரே உடைக்கிறார்!

கால் போய்விட்டது. புதிதாக வைக்கச் சிரிஞ்சு கைவசம் இல்லை. மாமா வெறும் கையோடு உட்கார்ந்திருந்தார். அதுவரை கதவில் சாய்ந்து நின்றிருந்த அப்பா, ஆணியில் மாட்டியிருந்த பைக் சாவியை எடுத்தார்.

"எத்தினி எம்எல்லு மாப்ள?"

"அஞ்சு."

அம்மா அப்பாவைப் பார்த்த பார்வையை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. அப்பா அவளைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு பாகூருக்குக் கிளம்பினார். அரை மணியில் இரண்டு சிரிஞ்சோடு திரும்பினார். ஒன்று போதும், இரண்டு வாங்கி வந்திருந்தார். மாமா, "பாப்பா, கொஞ்சம் புடிச்சிக்கறியா?" என்று கூப்பிட்டார். நான் போகவில்லை. மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். அப்பாதான் பிடித்துக்கொண்டார். வெளிச்சம் போவதற்குள் கூடத்தில் மறுபடி ஒரு முறை டப்பென்று கேட்டது. யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மாமா வண்டியை வைத்த அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்து வெறும் கையோடு வந்தார். நான் வாசலுக்கு ஓடிப்போய்க் கேட்ட முதல் கேள்வி, "வண்டி எங்க?" என்பதுதான்.

"அவங்களே வச்சிக்கினாங்க பாப்பா."

நான் ஓவென்று அழுதேன். ஒரு மாதம் உப்புத்தாள் தேய்த்தவள் நான். அவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்கத் தோன்றவே இல்லை. கொஞ்ச நாளில் தொழிற்சாலையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வழக்கு இல்லை, ஆனால் வேலை இல்லை. கடிதத்தை அப்பா படித்தார். அம்மா கேட்டுவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். அன்றிலிருந்து அவள் தன் தம்பியோடு பேசுவதை நிறுத்தினாள். "உங்க மாமன சாப்பிடச் சொல்லு" என்று என்னிடம்தான் சொல்வாள். தட்டை நான்தான் கொண்டுபோய் வைப்பேன். எனக்கும் அவர்மேல் கோபம் என்பதால் தட்டை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் வந்துவிடுவேன். வீட்டில் அவரோடு பேசியவர் அப்பா ஒருவர்தான். அப்பாவோ பொதுவாகவே ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுகிற மனிதர்.

பள்ளிக்கூடம் திறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைப் பலகாரம் முடிந்து அம்மா உலை வைத்திருந்தாள். வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். அக்கா என்று கூப்பிடலாம், அவ்வளவு சின்ன வயது. பஸ் தூசி முகத்தில் அப்பியிருந்தது. "கரையாம்புத்தூர்லருந்து வரேன்" என்றதும் அம்மாவின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. மீசை மாமாவின் மனைவி.

 அவர் செத்தது யாரால் என்று எனக்குத்தான் தெரியுமே. மண்ணை வாரித் தூற்றுவாள், மாமாவின் சட்டையைப் பிடிப்பாள் என்று நினைத்தேன். அம்மாவும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். கூடத்துக்குப் போகிற வழியை மறித்துக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து மாமாவே எழுந்து வந்து அந்தப் பெண்ணின் எதிரில் தலைகுனிந்து நின்றார். அடித்தாலும் வாங்கிக்கொள்ள வந்தவர் மாதிரி கைகளைத் தொங்கவிட்டிருந்தார்.

அவள் அடிக்கவில்லை. நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றபடி கேட்டாள்.

"ஆபீஸ்லருந்து வந்து சொன்னாங்கண்ணே. இருந்தாலும் உங்க வாயால கேக்கணும். அவரு பெல்ட்டு போட்டிருந்தாரா?"

"போட்டிருந்தாம்மா. ஏறதுக்கு முன்னாடி நான்தான் மாட்டிவுட்டேன். ரெண்டு வாட்டி இழுத்துப் பாத்தேன்."

"தெனம் போன்ல சொல்லுவேன்ணே. பெல்ட்டு போடு, பெல்ட்டு போடுன்னு. சிரிப்பாரு. என் பேச்ச கேக்காம பூட்டாரோன்னு..."  முந்தானையால் வாயை அழுத்திக்கொண்டாள்.

"கேட்டாம்மா" என்றார் மாமா. "உன் பேச்ச கேட்டான். நான்தான்..."

அவள் கையை உயர்த்தி, போதும் என்பதுபோல் காட்டினாள். அம்மா கொண்டுவந்த தண்ணீரை நின்றபடியே குடித்தாள். சொம்பை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள். வெயிலில் அவள் போவதை நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

எனக்குப் பெரிய ஏமாற்றம். "இத கேக்கவாம்மா ரெண்டு பஸ்ஸு மாறி வந்தாங்க? போன் பண்ணியே கேட்டிருக்கலாமே?" என்றேன். அம்மா உள்ளே போனாள். சோறு வடிக்கிற சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் ஆவி பறக்கிற தட்டை அவளே கையில் எடுத்துக்கொண்டு வந்து கூடத்தில் வைத்தாள்.

"வாடா, வந்து சாப்பிடு" என்றாள்.

மாமா அப்படியே நின்றார். பிறகு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்தார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. அம்மா எதிரில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே இருந்தாள். மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போது எதற்கு விசிறி என்று எனக்குப் புரியவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். மணி பதினொன்றுகூட ஆகவில்லை. இந்நேரத்துக்கு யாராவது சோறு தின்பார்களா? எனக்குப் பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டு நான் விளையாடப் போய்விட்டேன்.